வெண்டைக்காயின் கொக்கிகள்

மேடையில் ஒரு கேரட் தன் பெருமையைப் பாதி சொல்லிவிட்டு மீதியை அழுது தீர்த்துக்கொண்டிருந்தது. அதை அதன் அம்மா தூக்கிக்கொண்டு போனதும், "அடுத்து வெண்டைக்காய். தாரிணி ஷ்யாம்சுந்தர், எல்.கே.ஜி. பி" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரும் ஏறவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. நாலு வயதுப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டியில் கடைசி நிமிஷத்தில் கம்பி நீட்டாத காய்கறி உண்டா என்ன?

வெண்டைக்காயின் அப்பா ஷ்யாம்சுந்தர் அப்போது மண்டபத்தின் பக்கவாட்டு நடையில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நாவலூரில் இருக்கும் அவன் ஆபீஸுக்குச் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதே தெரியாது. மகளின் பெயர் காதில் விழுந்ததும் போனை அணைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிப் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினான். "வாடா கண்ணா, நம்ம டர்ன்." கையில் எதுவும் அகப்படவில்லை. நாற்காலியில் அவளுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது.

தானாகவே மேடைக்குப் போயிருப்பாள் என்று முதலில் நினைத்தான். அப்படி நினைத்தது பிறகு அவனுக்கே வேடிக்கையாக இருந்தது. தாரிணி தானாகப் போய் எதையும் செய்கிற பிள்ளை இல்லை என்பதுதான் அவனுடைய தீர்மானமான அபிப்பிராயம்.

அந்த அபிப்பிராயம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் மனைவி மிருதுளா மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து அவளை அள்ளிக்கொண்டு போய்விடும். மகளை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, வேனில் ஏற்றுவது ஷ்யாமின் இலாகா. "கையைத் தூக்கு. காலை விடு. திரும்பு." அவ்வளவுதான், பிள்ளை தயார். கண்ணை மூடிக்கொண்டே அவளுக்கு ஷூ லேஸ் கட்டுவான். சேலையூரில் தன்னைப் போல ஒரு அப்பா கிடையாது என்று அவனுக்கு உள்ளூர ஒரு கர்வமும் உண்டு. பள்ளியின் தலைமை ஆசிரியை ஷீலா மேடம் பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் கெஞ்சுவார். "சார், அவங்களே பட்டன் போடட்டும். லேட்டானாலும் பரவாயில்லை, வெயிட் பண்ணுங்க." ஷ்யாம் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை மறுபடி "கையைத் தூக்கு" என்பான். மேடம் காத்திருப்பார். வேன்காரன் காத்திருப்பானா?

இன்றைக்கு மட்டும் அவன் கைவரிசை பலிக்கவில்லை. வெண்டைக்காய் உடுப்பு அவனுக்குப் புதிது. தாம்பரம் மார்க்கெட் அருகே நாடக, மாறுவேட உடுப்புகளை வாடகைக்கு விடும் லாசரஸ் தன் பழைய ஆம்னி வேனில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, வாய் ஓயாத பேச்சு. பச்சை சாட்டினில் பஞ்சு வைத்துத் தைத்த நீளக் குழாய்தான் வெண்டைக்காய். இரண்டு பக்கமும் கை வெளியே வர ஓட்டை. முதுகில் மேலிருந்து கீழ்வரை பெரிய பெரிய கொக்கிகள். லாசரஸ்தான் தாரிணியைத் திருப்பி நிறுத்தி அவற்றை மாட்டிவிட்டார்.

"இத்த இவுங்களால அவுக்க முடியாது சார்," என்று பெருமையாகச் சொன்னார். "சில கொய்ந்தைங்க மேடையிலயே அவுத்துப் போட்டுட்டு நிக்கும். நமக்குப் பேஜாரா பூடும். அதுக்குத்தான் முதுவாண்ட ஹூக்கு வச்சிகீறேன். பெரியவங்க கை பட்டாத்தான் கழலும்."

"நல்ல ஐடியா," என்றான் ஷ்யாம்.

சிறிது நேரத்தில் தாரிணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, சூச்சூ."

"கொஞ்சம் அடக்கிக்கோடா. ஸ்டேஜ்ல சொல்லி முடிச்சதும் போலாம். இதைக் கழட்டி மாட்ட நேரமில்லை. எங்க, அப்பாகிட்ட ஒருதடவை சொல்லு பாக்கலாம்."

"நான்தான் வெண்டைக்காய். என்னைச் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்," என்று அவள் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டு சொன்னாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது.

இப்போது அவன் மேடைக்குப் பின்னால் ஓடினான். தக்காளிகள், கத்திரிக்காய்கள், ஒரு பூசணி. வெண்டைக்காய் இல்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்த்தான். "பச்சை டிரெஸ், வெண்டைக்காய் டிரெஸ், பாத்தீங்களா?" என்று கேட்டான். முதலில் கேட்டபோது சிரித்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றார்கள். வாசலுக்கு ஓடினான். வெளியே ரோட்டில் மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் முட்டிமோதிக்கொண்டிருந்தன. எந்த ஆட்டோவைத் துரத்துவது? வாட்ச்மேன், வெண்டைக்காய் எதுவும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். அவர் பீடி வாங்க எதிர்ப்பக்கம் போயிருந்ததை எதிர்க் கடைக்காரர் சொன்னார்.  ஷ்யாம் மகளின் பெயரைக் கூவிக்கொண்டே மறுபடி உள்ளே ஓடினான்.

ஷீலா மேடம் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சியை நிறுத்தினார். எல்லாரும் தேடினார்கள். யாரோ ஒரு பெண், மண்டபத்தின் பின்னால் இருந்த கழிவறையிலிருந்து கத்தினாள். "இங்க கிடக்குது!"

கிடந்தது உடுப்பு மட்டும்தான். ஈரத் தரையில் பச்சைக் குழாய் சுருண்டு கிடந்தது. ஷ்யாம் அதை எடுத்துப் புரட்டினான். கிழிசல் இல்லை. கொக்கிகள் எல்லாம் ஒவ்வொன்றாக, ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தன. பிள்ளை உள்ளே வெறும் பனியனும் ஜட்டியும்தான் போட்டிருந்தாள். பிள்ளையை உரித்து எடுத்துக்கொண்டு தோலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது.  சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"யாரோ கழட்டியிருக்காங்க," என்றான். "அவளால முடியாது. முதுகுல இருக்கற ஹூக். அவளுக்கு ஒரு பட்டன்கூடப் போடத் தெரியாது."

"சார், ஸ்கூல்ல எல்லாப் பசங்களும் அவங்களே..." என்று ஷீலா மேடம் ஆரம்பித்தார்.

"மேடம், என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா? தினம் டிரெஸ் பண்ணிவிடறவன் நான்!"

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? பெற்ற அப்பன் சொல்கிறான். கூட்டம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையால் கழற்ற முடியாது, ஆகவே ஒரு பெரியவன் கழற்றியிருக்கிறான். ஒரு தக்காளியின் அப்பாவான ஜெரோம், உடற்பயிற்சிக் கூடத்தில் வளர்த்த தோள்களை உடையவன், அடுத்த கேள்வியைக் கேட்டான். "இந்த ஹூக்கை மாட்டினது யாரு?"

சரியாக அந்த நேரத்தில் லாசரஸ் பின்பக்க கேட்டைத் திறந்துகொண்டு, கையில் டீ கிளாஸோடு வந்தார். மனிதருக்கு நேரம் சரியில்லை. "இன்னா சார் ஆச்சு? இன்னா எல்லாரும் இங்க நின்னுகினு கீறீங்க?"

"எங்க போயிருந்த?" என்றான் ஜெரோம்.

"டீ குடிக்கத்தான் சார்."

"பெரியவங்க கை பட்டாத்தான் கழலும்னு சொன்னீங்களே," என்றான் ஷ்யாம். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் சார். அதுக்கு இன்னா இப்போ? கொய்ந்த எங்க?"

ஷ்யாம்சுந்தர் தன் வாழ்நாளில் ஒருவரையும் அடித்தவன் இல்லை. டிராஃபிக்கில் வேறொருவன் திட்டினால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிற ஜாதி. அவன் கைதான் முதலில் லாசரஸின் கன்னத்தில் விழுந்தது. டீ கிளாஸ் சிதறியது. முதல் அடியை மற்றவர்கள் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் லாசரஸின் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். ஜெரோம் சட்டையைப் பிடித்து உலுக்கியதில் பொத்தான்கள் தெறித்தன. "மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்!" என்று அவர் கத்தியது இன்னும் நாலு அடியைத்தான் வாங்கிக் கொடுத்தது. யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள்.

"வண்டியைப் பாருங்க!" என்று ஒரு குரல் வந்தது.

கழிவறைக்கு நேர் எதிரே ஆம்னியின் பின்கதவு திறந்தபடி நின்றிருந்தது. உள்ளே உடுப்பு மூட்டைகள். ஷ்யாம் மூட்டைகளை வாரி வெளியே எறிந்தான். மயில் தோகை, ராஜா கிரீடம், தாடிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சீட்டுக்குப் பின்னால் ஒரு பொடிப் போலீஸ் உட்கார்ந்திருந்தது. காக்கிச் சட்டை, காக்கி பேண்ட். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

"தாரிணி!"

அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தான். உயிர் இருக்கிறது, சூடு இருக்கிறது, கையும் காலும் இருக்கின்றன. சில நொடிகள் அதுவே போதுமாக இருந்தது. பிறகு அவள் போட்டிருந்த உடுப்பு, தான் போட்டுவிட்டது இல்லை என்று உறைத்தது. அவளை உடுப்பு மாற்றி இந்த வண்டிக்குள் ஒளித்திருக்கிறார்கள். முன்பு இருந்த பயம் பிள்ளையைக் காணோம் என்பது. இது அதைவிடக் கொடியதாக இருந்தது, ஏனென்றால் பிள்ளை கையில் இருந்தாள். என்ன நடந்தது என்று எப்படிக் கேட்பது? எந்த வார்த்தையில் கேட்பது? மிருதுளாவிடம் என்ன சொல்வது?

"பாத்தீங்களா! வண்டிக்குள்ள! டிரெஸ்ஸை மாத்தி!" என்று ஜெரோம் கத்தினான். கூட்டம் லாசரஸின் மேல் சாய்ந்தது. அவர் கீழே விழுந்தார். செருப்புக் கால்கள் உயர்ந்தன.

தாரிணி அப்பாவின் தோளிலிருந்து வீறிட்டாள். "அங்கிளை அடிக்காதீங்க! நானே கழட்டினேன்! நானே போட்டேன்!"

ஒரு நிமிஷம் எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "பாவம், பயத்துல சொல்லுது. மிரட்டி வச்சிருப்பான்."

"இல்ல! எனக்கு அர்ஜெண்டா வந்துச்சு. அப்பா போன் பேசினாங்க. தண்ணில விழுந்து அது ஈரமாயிடுச்சு. அப்பா திட்டுவாங்க. அதான் வண்டில இருந்த இதைப் போட்டேன். அப்புறம் எல்லாரும் கத்தினீங்க, ஒளிஞ்சுக்கிட்டேன்," என்றாள் தாரிணி, விக்கி விக்கி.

ஷீலா மேடம் கிட்டே வந்து அவளைப் பார்த்தார். "சட்டைல பட்டன் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போட்டிருக்கு. பேண்ட் முன்பக்கம் பின்பக்கம் மாறியிருக்கு. பெரியவங்க யாராவது போட்டுவிட்டா இப்படியா இருக்கும்?"

"அவசரத்துல போட்டுவிட்டிருப்பான்," என்றான் ஜெரோம். "மேடம், பேண்டை விடுங்க. அந்த முதுகு ஹூக்கை நாலு வயசுக் குழந்தை எப்படிக் கழட்டும்? அவங்க அப்பாவே முடியாதுன்னு சொல்றாரு."

எல்லாரும் ஷ்யாமைப் பார்த்தார்கள். அவன் சொல்லுக்கு இன்றைக்கு வந்த மதிப்பு ஆபீஸில்கூட என்றும் வந்ததில்லை. கீழே கிடந்த லாசரஸும் அவனைப் பார்த்தார். உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியிருந்தது.

"அவளையே செய்யச் சொல்லலாம்," என்றார் ஷீலா மேடம். "உடுப்பை மாட்டிவிடுங்க. கழட்டிக் காட்டட்டும். முடியலன்னா போலீஸ் வந்து பாத்துக்கட்டும். அதுவரைக்கும் அவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

ஷ்யாம் மகளைக் கழிவறை வாசலின் சிமெண்ட் படியில் நிற்க வைத்தான். காக்கி உடுப்பின் மேலேயே ஈர வெண்டைக்காயை மாட்டி, பின்னால் மண்டியிட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினான்.  அவளால் முடிந்துவிட்டால் அவன் ஒரு நிரபராதியை அடித்தவன். முடியாவிட்டால்? அதை நினைக்கவே அவன் மனம் கூசியது. தெய்வமே, நான் அடித்தது தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். நான்தான் முட்டாள் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இப்படி ஒரு வேண்டுதல் எந்தக் கோயிலுக்கும் வந்திருக்காது.

"கழட்டு கண்ணா," என்றான்.

தாரிணி கழற்றவில்லை. கட்டைபோல் நின்றாள். சுற்றிலும் பெரியவர்கள், பெரியவர்களின் கால்கள், நீட்டிய போன்கள். கீழுதடு துடித்தது.

"பாருங்க, முடியல," என்றான் ஜெரோம்.

ஷ்யாமின் விரல்கள் பரபரத்தன. ஒரு கொக்கியை, ஒரே ஒரு கொக்கியைத் தளர்த்திக் கொடுத்தால் போதும். கைகளை அக்குளில் செருகிக்கொண்டான்.

"எல்லாரும் பாக்கறாங்க," என்றாள் தாரிணி மெல்ல. "டிரெஸ் மாத்தும்போது யாரும் பாக்கக் கூடாதுன்னு மேம் சொல்லியிருக்காங்க. எல்லாரும் திரும்புங்க."

ஷீலா மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பிள்ளை இந்த நேரத்திலும் விடவில்லை. "போனை எல்லாம் உள்ள வைங்க. திரும்புங்க எல்லாரும்."

"திரும்பிட்டா என்ன புரூஃப் மேடம்?"

"திரும்புங்க சார்!" வகுப்பறையில் எழும் குரல் அது. ஜெரோம் திரும்பினான். தக்காளிகளின் அப்பாக்களும் முருங்கைக்காய்களின் அம்மாக்களும் திரும்பினார்கள். லாசரஸை எழுப்பி, கைகளைப் பிடித்திருந்தவர்கள் அவரோடு சேர்ந்து திரும்பினார்கள். ஷ்யாம் கடைசியாகத் திரும்பினான். அத்தனை பேரும் எதிரே இருந்த காம்பவுண்டு சுவரைப் பார்த்தபடி, தண்டனை பெற்ற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

சாயங்கால வெயில் பின்னாலிருந்து அடித்தது. கூட்டத்தின் நடுவில் விழுந்த இடைவெளி வழியாக, படிமேல் நின்றவளின் நிழல் தரையில் நீண்டு சுவரில் ஏறியிருந்தது. அவளுக்கு அது தெரியாது. இவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

நிழல் முதலில் அசையவே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ மின்சார ரயில் கூவியது. போலீஸ் ஜீப்பின் சைரனா என்று சிலர் காதைத் தீட்டினார்கள். 

பிறகு வெண்டைக்காயின் ஒரு கை காணாமல் போனது. ஓட்டை வழியாக அதை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டாள். இன்னொரு கையும் போனது. இப்போது சுவரில் கையில்லாத ஒரு குழாய். அது உள்ளுக்குள் புரண்டது, முட்டியது, ஒரு பக்கமாகச் சுற்றியது. பிள்ளை அப்படியே நின்றாள், உடுப்புதான் அவளைச் சுற்றித் திரும்பியது. முதுகு மெல்ல மெல்ல நெஞ்சுக்கு வந்தது. கைகள் வெளியே வந்து, முன்னால் வந்துவிட்ட கொக்கிகளைத் தேடின.

டக்.

அந்தச் சத்தத்தில் ஷ்யாம் கண்ணை மூடிக்கொண்டான். டக். சிறிது நேரம் எதுவும் இல்லை. ஒரு கொக்கி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவள் முனகினாள், "வாயேன்" என்று அதைத் திட்டினாள். டக்.

"ஆச்சு. திரும்பலாம்," என்றாள் தாரிணி.

திரும்பினார்கள். பச்சைக் குழாய் படியில் கிடந்தது. காக்கி உடுப்பில் அவள் அதைத் தாண்டி நின்று, அப்பா திட்டுவாரா என்று முகத்தைப் பார்த்தாள். ஷ்யாம் வாய்விட்டு அழுதான். ஒன்றும் நடக்கவில்லை. என் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை மட்டுமே அவனால் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

லாசரஸைப் பிடித்திருந்த கைகள் விட்டன. எல்லாருக்கும் தங்கள் தங்கள் காய்கறிகளின் ஞாபகம் ஒரே சமயத்தில் வந்துவிட்டது. போலீசுக்குப் போன் செய்தவர் மறுபடி போன் செய்து, தப்பான தகவல் என்றார். ஜெரோம் தக்காளியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனான். மன்னிப்பு என்ற சொல்லை ஷீலா மேடம் மட்டும்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

லாசரஸ் ஆம்னியின் பக்கத்தில் நின்று சட்டையை மூடப் பார்த்தார். தெறித்தது போக இரண்டு பொத்தான்கள் மிச்சம் இருந்தன. ஒன்றைப் பிடித்துத் துளைக்குள் செலுத்தினார். விரல் நடுங்கி, அது வழுக்கி வெளியே வந்தது. மறுபடி செலுத்தினார். மறுபடி வந்தது. அத்தனை பிள்ளைகளுக்கும் உடுப்பு மாட்டிவிட்ட மனிதரால் தன் சட்டையைப் பூட்ட முடியவில்லை.

 ஷ்யாமின் கைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைத்தான் செய்யப் போயின. "அண்ணா," என்றபடி கிட்டே போய், அவர் சட்டையின் பொத்தானை நோக்கிக் கைகளை நீட்டினான்.

லாசரஸின் இரண்டு கைகளும் முகத்தை மறைத்துக்கொண்டன. முதுகு வண்டியில் மோதியது. "வேணாம் சார்! அடிக்காத சார்! நான் ஒண்ணும் பண்ல சார்!"

ஷ்யாமின் கைகள் நீட்டியபடியே நின்றன. எல்லாம் தெரிந்த பிறகும் அந்த மனிதர் முகத்திலிருந்து கைகளை எடுக்கவில்லை. தன்னைப் பார்த்து ஒரு ஆள் இப்படி நடுங்குவான் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

தாரிணி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "அவங்களே போட்டுக்கட்டும்பா. லேட்டானா பரவால்ல. நீ தள்ளி நில்லு."

ஷ்யாம்சுந்தர் தள்ளி நின்றான்.